வெள்ளச்சிக்குக் கடைசிக் கஞ்சி

நான் நின்றுகொண்டே வைத்தியம் பார்த்தவள். சர்வீஸ் முழுக்க அப்படித்தான். மாட்டுக்கு நின்றபடி ஊசி போடலாம், ஆட்டுக்குக் கொஞ்சம் குனிந்தால் போதும், கோழிக்கு அதுவும் வேண்டாம். நம் மாவட்டத்து மங்களூரில் இருந்தபோதும் சரி, திட்டக்குடியில் இருந்தபோதும் சரி, கடைசியாக விருத்தாசலத்துக்கு மாறி வந்தபோதும் சரி, டாக்டர் நாற்காலியில் என் கைப்பைதான் உட்கார்ந்திருந்தது. நான் வாசலுக்கும் மருந்து அறைக்கும் நடுவில் நடந்துகொண்டே இருப்பேன். வேகமான டாக்டர் என்று பெயர். அந்தப் பெயரில் எனக்குப் பெருமையும் உண்டு.

ரிட்டயர் ஆகி வீட்டுக்கு வந்த பிறகும் கால் ஓயவில்லை. மாடிக்குப் போவேன், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவேன், ஊற்றிய செடிக்கே திரும்பவும் ஊற்றுவேன். என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியாராக இருந்தவர். "நீ வூட்டுல இருக்கும்போது ஃபேன் போடவே வேணாம், காத்து தானா வருது" என்பார்.

கால்நடை டாக்டர்களாகப் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பேச வேண்டும் என்று துறையிலிருந்து கேட்டபோது, நான் பிழைக்கவைத்த கேஸ்களைச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கன்று குறுக்கே மாட்டிக்கொண்ட பசு, கரும்புச் சோகையைத் தின்று வயிறு ஊதின காளை. அதையெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள், என்னைவிட நன்றாகவே பார்ப்பீர்கள். நான் சொல்ல வந்தது ரிட்டயர் ஆன பிறகு என் வீட்டுக்கு வந்த ஒரு நாயைப் பற்றி. நாய் விஷயத்தில் நான் ஒன்றும் கில்லாடி இல்லை. என் காலத்தில் எங்கள் ஆஸ்பத்திரிகளுக்கு நாய் வருவதே அபூர்வம்.

அந்த நாயை என்னிடம் அனுப்பியது இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களில் ஒருவர்தான். பெயர் சொல்லமாட்டேன், தலையைக் குனிந்துகொள்ள வேண்டாம். "மேடம், இங்க வச்சிப் பாக்க எடமில்ல, கொண்டாந்த பொண்ணு வூட்டு ஓனரும் நாயை விடமாட்டேங்கறாரு, நீங்க சும்மாதானே இருக்கீங்க" என்று போன் வந்தது. அந்த 'சும்மா' என்ற வார்த்தைக்காகவே சரி என்று சொல்லிவிட்டேன்.

கொண்டுவந்தவள் பெயர் ஸ்டெல்லா. விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் செய்கிற செராமிக் எஸ்டேட்டில், ஒரு சின்ன யூனிட்டில் வேலை. பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள். அவள் வேலை பார்க்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு யூனிட் மூடிக் கிடந்தது. மூடிவிட்டுப் போனவர்கள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார்கள், காவலுக்குக் கட்டிப்போட்டிருந்த நாயை மட்டும் விட்டுவிட்டார்கள். சங்கிலியோடு. பக்கத்து யூனிட்காரர்கள் மிச்சம் மீதியைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். யாரும் கிட்டப் போகவில்லை, அது சீறும் என்று பயம். ஒருநாள் அது சீறாமல் படுத்திருந்ததைப் பார்த்து ஸ்டெல்லா மதில் ஏறிக் குதித்திருக்கிறாள்.

ஆட்டோவிலிருந்து இறக்கும்போது வெள்ளை நாய் என்றுதான் நினைத்தேன். எஸ்டேட்டில் அதற்கு வெள்ளச்சி என்றே பெயர். துணியை நனைத்துத் துடைக்கத் துடைக்க உள்ளேயிருந்து ஒரு செவலை நாய் வந்தது. அவ்வளவும் களிமண் தூசி. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, இனி பெயரை மாற்ற வேண்டுமே என்றார். ஸ்டெல்லா, அது கூப்பிட்டுப் பழகின பெயர் சார், இருக்கட்டும் என்றாள்.

இந்த ஊர் அப்படி. எஸ்டேட் பக்கம் போனால் மரத்து இலை வெள்ளை, டீக்கடை பெஞ்சு வெள்ளை, வேலை விட்டு வருகிறவர்களின் புருவம் வெள்ளை. பார்த்துப் பார்த்து எங்களுக்கு அந்த வெள்ளை கண்ணில் படுவதே இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நாயின் உடம்பில் உண்ணி இல்லாத இடம் இல்லை. காதுக்குள் திராட்சைக் குலை மாதிரி தொங்கியது. ஈறு வெளுத்திருந்தது, மூக்கில் ரத்தம் காய்ந்திருந்தது, நல்ல காய்ச்சல், தண்ணீராய்க் கழிச்சல் வேறு. ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஸ்லைடில் தடவி, பழைய ஆஸ்பத்திரியில் போய் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். உண்ணிக் காய்ச்சல்தான், சந்தேகமில்லை. அதற்கு என்ன கொடுக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். டாக்ஸிசைக்ளின், நாம் சுருக்கிச் சொல்கிற டாக்ஸி மாத்திரைதான். ஊசியாகவே போட்டிருக்கலாமே என்று ஒரு தம்பி கண்ணாலேயே கேட்கிறார். போட்டுப் பார்த்தேன். ரத்தம் உறையவில்லை, குத்தின இடம் கருத்து வீங்கியது, அதற்கப்புறம் குத்த மனசு வரவில்லை.

மாத்திரையைக் கஞ்சியில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். வெள்ளச்சி என் கையில் சாப்பிடாது. வீட்டுக்காரர் வைத்தாலும் சாப்பிடாது. ஸ்டெல்லா சாயந்திரம் வேலை விட்டு வந்து, பின்கட்டில் அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கைநிறைய எடுத்து நீட்டினால்தான் நாக்கை வெளியே விடும். அதனால் மாத்திரையை அந்த வேளைக்கே வைத்துவிட்டேன். ஸ்டெல்லா வீட்டிலேயே கஞ்சி காய்ச்சி டிபன் பாக்ஸில் கொண்டுவருவாள். நான் மாத்திரையைப் பொடித்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவேன்.

ஏன் போனேன்? அந்த நாய் சாப்பிடுவதைப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. ஒரு வாய் நக்கும், அப்புறம் சுவரைப் பார்க்கும், ஸ்டெல்லா அதோடு ஏதாவது பேசுவாள், மறுபடி ஒரு வாய். எனக்கு உடம்பெல்லாம் குறுகுறுக்கும். மாடிக்கு ஏறிவிடுவேன், இல்லாவிட்டால் தெருமுனை வரை நடந்துவிட்டு வருவேன். திரும்பி வரும்போது பாக்ஸ் காலியாக இருக்கும். முடிந்தது, அடுத்த வேலை.

நம்முடைய ஆஸ்பத்திரியில் ஒரு மாடு நம் முன்னால் எவ்வளவு நேரம் நிற்கும்? ஒரு டீ ஆறுகிற நேரம். அதற்குள் பார்த்து, கையெழுத்துப் போட்டு, மூன்று வேளை கொடு, கேட்கவில்லை என்றால் திரும்ப வா என்று சொல்லிவிடுவோம். அந்த மூன்று வேளை என்ன பாடு என்று இந்த நாய் என் வீட்டுக்கு வரும்வரை எனக்குத் தெரியாது. அது மூச்சு இழுக்கிற சத்தம் சமையலறை வரைக்கும் கேட்கும். குக்கர் விசில் அடித்தால் மூச்சுச் சத்தம் கேட்காது, உடனே அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவேன். வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன், காய்ச்சல் பார்ப்பேன், போன வேகத்தில் திரும்ப வந்து மறுபடியும் பார்ப்பேன். வேறு வேலை எதுவும் கையில் ஓடவில்லை. எவ்வளவோ பேரை "பயப்படாம போங்க" என்று அனுப்பியிருக்கிறேன். அவர்கள் எப்படித்தான் போனார்களோ.

காய்ச்சல் இறங்கவில்லை. இந்த மாத்திரைக்கு இரண்டு மூன்று நாளிலாவது ஒரு அசைவு தெரிய வேண்டும். ஒரு வாரம் தாண்டியும் ஒன்றும் தெரியவில்லை. மருந்து மட்டமோ என்று வேறு கடையில் வேறு கம்பெனி வாங்கினேன். அப்போதும் அதே கதை. மூக்கில் திரும்பவும் ரத்தம் கசிந்தது. தண்ணீராய்ப் போன கழிச்சல் மட்டும் கொஞ்சம் இறுகியிருந்தது, ஆனால் நிறம் வெளிறிச் சாம்பலாக இருந்தது. பித்தம் இறங்கவில்லை, ஈரல் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். ஈரல் போனால் ஈறும் கண்ணும் மஞ்சளாக இருக்க வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் இமையைத் தூக்கிப் பார்த்தேன். மஞ்சள் இல்லை. ரத்தமே இல்லாத உடம்பில் மஞ்சள் எங்கே தெரியப்போகிறது என்று நானே எனக்குப் பதில் சொல்லிக்கொண்டேன். தெரியும். நன்றாகவே தெரியும். ஆனால் அப்போது எனக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது, வேகமாக.

பழைய சிநேகிதி ஒருத்திக்கு, இதே தொழில்தான், போன் போட்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் வழியிலேயே போய்விடும் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம். அவள் சொன்னாள், இழுத்துக்கிட்டுக் கிடக்க விடாதே. அதில் தப்பு ஒன்றுமில்லை. வலியில் கிடக்கிற உயிரை முடித்துவைப்பதும் நம் வேலைதான், அதற்குப் பயந்தவர்கள் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது என்று இன்றைக்கும் சொல்வேன்.

மறுநாள் காலையில் ஸ்டெல்லாவுக்குப் போன் செய்து சொன்னேன். மதியமே முடித்துவிடுகிறேன், நீ சாயந்திரம் வந்து பார்த்துக் கஷ்டப்பட வேண்டாம் என்றேன். அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைப்பு. உண்மையில் எனக்குத்தான் சாயந்திரம் வரை காத்திருக்க முடியவில்லை.

அந்தப் பக்கம் யாரோ தட்டுகளை அடுக்குகிற ஓசை கேட்டது. அப்புறம், "நான் வர்ற வரைக்கும் வச்சிருங்க டாக்டரம்மா. கடைசியா ஒரு வாய் நான் ஊட்டிடறேன். வெறும் வயித்தோட அனுப்ப வேணாம்" என்றாள்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. சாகப்போகிற நாய்க்கு எதற்குக் கஞ்சி? ஆனாலும் சரி என்றேன். என்னுடைய நல்ல மனசால் சொல்லவில்லை. அவள் அழ ஆரம்பித்தால் போனை எப்படி வைப்பது என்று தெரியாமல் சொன்னேன்.

முடித்துவைக்கிற மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றி ஃப்ரிட்ஜின் மேல் வைத்தேன். அப்புறம் நடந்தேன். ஹால், சமையலறை, பின்கட்டு, மாடி. வெள்ளச்சி சாக்கின் மேல் கிடந்தது. நான் போகும்போதெல்லாம் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவைத்துவிட்டு, கொஞ்சம் உட்காரேன் என்றார். உட்கார்ந்தால் அந்தச் சிரிஞ்சு கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. எழுந்துவிட்டேன்.

ஸ்டெல்லா வழக்கமாக வருகிற நேரத்துக்கு முன்பே வந்தாள், பர்மிஷன் போட்டுவிட்டு. வேலை உடுப்போடு, கை முழங்கை வரை வெள்ளை. கையைக் கழுவிக்கொண்டு பின்கட்டுக்குப் போய் உட்கார்ந்தாள். வழக்கம்போல் நான் மாடிக்குப் போயிருப்பேன். அன்றைக்குப் போக முடியாது. அவள் ஊட்டி முடித்ததும் நான் முன்னங்காலைப் பிடித்து நரம்பு பார்க்க வேண்டும். அதனால், முழங்கால் வலிக்க வலிக்க, அந்த நாய் என் வீட்டுக்கு வந்த பிறகு முதல்முறையாக அவர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

டிபன் பாக்ஸைத் திறந்தாள். குழையக் காய்ச்சின கஞ்சி, கோழிச்சாறு வாசனை. கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். பிரித்து, உள்ளேயிருந்த வெள்ளைப் பொடியைக் கொஞ்சம் தாராளமாகவே அள்ளிக் கஞ்சியில் போட்டு விரலால் கலக்கினாள்.

என்ன அது என்றேன்.

"நம்ம மண்ணுதான் டாக்டரம்மா. சைனா களிமண்ணு. வயித்துக்கு."

"இன்னிக்கிதான் போடுறியா?"

"மொதல் நாள்லேருந்து தெனமும் போடுறேன். இது உள்ள போயிதான கழிச்சல் கட்டுச்சி." கஞ்சியைக் கலக்கிக்கொண்டே சொன்னாள். "போற நேரத்துல வயிறு கஷ்டப்பட வேணாமேன்னு இன்னிக்கி கொஞ்சம் கூடவே போட்டேன்."

அவள் கையைப் பிடித்தேன். எவ்வளவு இறுக்கமாகப் பிடித்தேன் என்று அவள் முகத்தைப் பார்த்துதான் தெரிந்தது.

நம் மருந்து அலமாரியில் கழிச்சலுக்கு வைத்திருக்கும் கயோலின் பொடி என்ன? அதே களிமண்தான். இந்த ஊரில் கப்பும் சாசரும் பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் எதில் செய்கிறார்களோ அதே மண். வயிற்றில் கெட்டதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போகும். நல்லதையும் அப்படியே பிடித்துக்கொள்ளும். டாக்ஸி மாத்திரையைப் பாலோடு கொடுக்காதே, களிமண் மருந்தோடு கொடுக்காதே என்று நாம் படித்ததுதான், பரீட்சையில் எழுதினதுதான். நான் மாத்திரையைப் பொடித்துப் போட்ட அதே கஞ்சியில், நான் மாடிக்குப் போன பிறகு, தினமும் இது விழுந்திருக்கிறது. மருந்து வெள்ளச்சியின் ரத்தத்துக்குப் போகவே இல்லை. சாம்பல் நிறம் ஈரலால் வந்ததில்லை, இந்த மண்ணால் வந்தது. நாயின் மூக்கில் தினமும் வெள்ளை ஒட்டியிருந்ததை நானும் பார்த்தேன். எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவள் தடவிக்கொடுத்த கை, வெள்ளை இல்லாமல் எப்படி இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

யார் சொன்னது உனக்கு என்று சத்தம் போட்டேன். வீட்டுக்காரர் ஓடி வந்துவிட்டார்.

ஸ்டெல்லா பயந்துபோய் என்னைப் பார்த்தாள். "நீங்கதான் டாக்டரம்மா. எங்கம்மா ஆட்ட ஓட்டியாந்தப்ப சொன்னீங்களாம். ஆஸ்பத்திரில பொடி தீந்துபோச்சி, ஒங்க ஃபேக்டரில மூட்ட மூட்டயா கெடக்குதே, அத ஒரு ஸ்பூன் கரைச்சி ஊத்துன்னு. ஆடு பொழைச்சிக்கிச்சி. எங்க லைன் வூடுங்கள்ல எல்லாரும் இததான் குடுப்போம்."

எனக்கு அந்த அம்மாவும் ஞாபகமில்லை, ஆடும் ஞாபகமில்லை. ஆனால் சொல்லியிருப்பேன். நின்றுகொண்டே, சிரித்துக்கொண்டே, அடுத்த மாட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருப்பேன். அது தப்பான வைத்தியமும் இல்லை. அந்த ஆட்டுக்கு அது சரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திட்டக்குடியில் ஒரு எருமை. வேறு என்ன கொடுத்தீங்க என்று கேட்டேன், ஒண்ணும் குடுக்கல என்றார் எருமைக்காரர். எருமை எனக்கு எதிரிலேயே நடுங்கியது. பின்னால் நின்ற அவர் மனைவிதான், இலையை அரைச்சிதான் ஊத்தினோம், அது மருந்து இல்லீங்களே, கைவைத்தியம்தானே என்று மெல்லச் சொன்னார். அன்றிலிருந்து அந்தக் கேள்வியை நான் விட்டதே இல்லை. மருந்து குடுத்தீங்களா, இலை தழை குடுத்தீங்களா, பூச்சு ஏதாவது பூசினீங்களா, யாராவது வந்து ஏதாவது ஊத்தினாங்களா என்று திருப்பித் திருப்பிக் கேட்பேன். ஊரில் எல்லாரையும் கேட்டேன். ஸ்டெல்லாவைக் கேட்கவில்லை. என் வீட்டில், என் கண் முன்னால், நான் போட்ட மாத்திரை. அதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள், அந்த நிமிடத்தில் என்ன செய்வீர்கள்? சிரிஞ்சு ஃப்ரிட்ஜின் மேல் தயாராக இருக்கிறது. நாயின் நிலைமை காலையில் இருந்ததைவிட ஒரு நூல்கூட மேலே வரவில்லை. மாத்திரை போய்ச் சேரவில்லை என்று தெரிந்துவிட்டதாலேயே அது பிழைத்துவிடும் என்று அர்த்தமில்லை. இன்னும் ஒரு வாரம் வதைத்துவிட்டு அப்புறம் போட்டால், அந்த ஒரு வாரம் யாருக்காக? நாய்க்காகவா, என் மனசு ஆறுவதற்காகவா? அவமானத்தில் எடுக்கிற முடிவும் அவசரத்தில் எடுக்கிற முடிவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான். எனக்கு அதுவும் தெரிந்திருந்தது. ஸ்டெல்லா கஞ்சிக் கையை அப்படியே வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள்.

சாகடிக்க வேண்டும் என்று நான் சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். காய்ச்சல் இறங்கவில்லை: மருந்து உள்ளே போகவில்லை. மலம் வெளுத்தது: மண். மூக்கில் ரத்தம்: காய்ச்சலோடு வந்தது, காய்ச்சல் போனால் போகும். மிச்சம் இருந்தது மெலிவும் வெளுப்பும். அவை முதல் நாளே இருந்தன, முதல் நாள் நான் கொல்ல நினைக்கவில்லையே. இமையை மறுபடி தூக்கிப் பார்த்தேன். மஞ்சள் இல்லை. இந்த முறை எனக்கு நானே எதிர்வாதம் பேசவில்லை.

எழுந்துபோய்ச் சிரிஞ்சைக் காலி செய்தேன். திரும்பி வந்து பார்த்தால் ஸ்டெல்லா பாக்ஸைக் கவிழ்த்துக் கஞ்சியை வடிகாலில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த இரண்டு நாள் அவள் வரவில்லை. போன் எடுக்கவில்லை. மண் இல்லாத கஞ்சியை, மாத்திரையோடு, நான் ஊட்டிப் பார்த்தேன். வெள்ளச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டது. வாயைப் பிளந்து உள்ளே தள்ளினால் வெளியே துப்பியது. முழுங்கினதை எண்ணுவதா துப்பினதை எண்ணுவதா என்று தெரியாமல் தவித்தேன். சரியான மருந்து கையில் இருக்கிறது, போக வழியில்லை. முன்னே தெரியாமல் தவித்ததைவிட இது மோசம்.

மூன்றாம் நாள் எஸ்டேட்டுக்குப் போனேன். நீளமான மேஜை. அதன் மேல் கண் எழுதாத பொம்மைகள் வரிசையாக நின்றன. ஸ்டெல்லா ஒரு பொம்மையைப் பிடித்துக்கொண்டு எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"நாந்தான அத சாவடிக்கப் பாத்தேன். நான் எப்புடி வந்து மூஞ்ச காட்டுறது" என்றாள்.

"ஊசிய ஏத்தி வச்சவ நான். நீ கஞ்சிதான கலக்குன" என்றேன். "அது என் கையில சாப்புட மாட்டேங்குது ஸ்டெல்லா. நீ வராட்டி இன்னிக்கோ நாளைக்கோ போயிடும். அழறதா இருந்தா அங்க வந்து அழு."

இப்படிப் பேசுகிறவளை வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் எப்படி வாழ்ந்தாரோ. ஆனால் அவள் வந்தாள். அன்றைக்கே வந்தாள், காலையில் வேலைக்குப் போகும் முன்பும் வர ஆரம்பித்தாள். நானும் மாடிக்குப் போவதை நிறுத்தினேன். வீட்டுக்காரர் பூஜை அறையிலிருந்த மணையைக் கொண்டுவந்து போட்டார். அதில் உட்கார்ந்து, ஸ்டெல்லாவின் கைக்குக் கீழே என் கையை வைத்துக்கொள்வேன். முதலில் அவள் கையில் நக்கும், வழிந்ததை என் கையில் நக்கும். எனக்குக் கால் குறுகுறுக்கும், நாலு வேலை ஞாபகம் வரும், அடுப்பில் எதையோ வைத்தோமே என்று தோன்றும். எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் அது சாப்பிடுவதை நிறுத்திவிடும். இத்தனை வருஷத்தில் ஒரு மாடுகூட என்னை இப்படி அடக்கினதில்லை.

அவள் திரும்ப வந்த மூன்றாம் நாள் காய்ச்சல் ஒரு டிகிரி இறங்கியது. நான் நம்பவில்லை, தெர்மாமீட்டரை மாற்றிப் பார்த்தேன். அப்புறம் ஒருநாள் திரும்ப ஏறியது, ஒருநாள் மூக்கில் ரத்தம் வந்தது, ஒருநாள் எதையுமே தொடவில்லை. அன்றெல்லாம் ஃப்ரிட்ஜைக் கடந்து போகும்போது மேலே பார்க்காமல் போனேன். ஆனால் ஈறு மெல்ல மெல்ல நிறம் பிடித்தது. முதலில் ரோஜாப்பூ உதிர்ந்து காய்ந்த நிறம், அப்புறம் நாயின் ஈறுக்கு உள்ள நிறம். ஒரு காலை பால்காரரின் வண்டிச் சத்தத்துக்குத் தலையைத் தூக்கிக் குரைத்தது. கேவலமான குரல், தொண்டை கட்டின குரல். நான் சமையலறையில் நின்று அழுதேன். வெங்காயம் நறுக்கவில்லை, அழுதேன்.

மாத்திரைக் கெடு முடிந்து, உடம்பில் சதை பிடித்து, மயிர் பளபளத்த பிறகு பெண்ணாடம் பக்கத்திலிருந்து ஒரு கரும்புக்காரக் குடும்பம் வந்து கேட்டது. கொல்லையில் இடம் இருக்கிறது, கட்டிப்போட மாட்டோம் என்றார்கள். சங்கிலி வேண்டவே வேண்டாம் என்று ஸ்டெல்லா இரண்டு தடவை சொல்லி வாங்கிக்கொண்டாள். வண்டியில் ஏற்றும்போது கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து அந்த வீட்டம்மாவிடம் கொடுத்தாள். வயிறு கலங்கினா ஒரு சிட்டிகை என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "மாத்திரை குடுக்குறப்ப கூடாது, அவ்வளவுதான டாக்டரம்மா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் என்றேன்.

வெள்ளச்சி வண்டியின் பின்பக்கத்தில் நின்றது, எங்களைப் பார்க்கவில்லை. காற்றை முகர்ந்துகொண்டிருந்தது.

வண்டி தெருமுனையில் திரும்பின பிறகு ஸ்டெல்லா வாசல்படியில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். சாயந்திரக் கஞ்சி நேரம். இரண்டு பேருக்கும் கையில் ஒன்றுமில்லை.

"டாக்டரம்மா, அன்னிக்கி நான் வர்ற வரைக்கும் இருங்கன்னு சொல்லலன்னா?" என்றாள்.

இதற்குச் சுற்றி வளைத்து எத்தனையோ பதில் சொல்லலாம். நமக்கு அந்தப் பேச்செல்லாம் கைவந்த கலை. செத்த மாட்டின் பக்கத்தில் நின்று எத்தனை பேரிடம் பேசியிருப்போம்.

"போட்டிருப்பேன்" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கோபப்படவில்லை, அழவும் இல்லை. விரலிடுக்கில் காய்ந்திருந்த களிமண்ணை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து வீட்டுக்காரர் காபி போடவா என்று கேட்டார். போடுங்க என்றேன். எழுந்துபோய் நானே போட்டிருக்கலாம், எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை.